ஓமத் தண்ணீர் என்ன செய்யும், என்ன செய்யாது

கல்யாணப் பந்தியில் ஒரு கை பார்த்துவிட்டு வந்து வயிறு கும்மென்று உட்கார்ந்திருப்பவருக்கு ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பெரிய ஏப்பம் ஒன்று வரும், ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அதே வீட்டில் நாற்பது நாள் குழந்தை ஒன்று பொழுது சாய்ந்தால் முகம் சிவக்க வீறிட்டு அழுகிறது. “வயித்துல வாயுதான், ரெண்டு பாலாடை ஓமத் தண்ணி குடு” என்பார்கள். மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே மருந்து. இதைக் கேள்வி கேட்பவர் வீட்டில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.

இதற்கு மேல் செல்போனில் வரும் செய்திகள் வேறு. சீரகத் தண்ணீர் கொழுப்பைக் கரைக்கும், சோம்புத் தண்ணீர் நச்சை வெளியேற்றும், புதினா டீ குடலைக் கழுவிவிடும் என்று தினமும் ஒன்று வருகிறது. இவற்றை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, இந்தக் கஷாயங்கள் வயிற்றுக்குள் போய் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அவை செய்கிற வேலை ஒன்று உண்டு. அது நிஜமான வேலைதான், ஆனால் சின்ன வேலை. கைக்குழந்தையின் அழுகைக்கும் அந்த வேலைக்கும் நாம் நினைக்கிற அளவு தொடர்பு கிடையாது.

குடல் எப்படித் தள்ளுகிறது

பெட்டிக்கடையில் நீளமான பிளாஸ்டிக் உறையில் விற்கும் ‘பெப்சி ஐஸ்’ தெரியும் அல்லவா? (குளிர்பானக் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எந்தப் புண்ணியவான் அந்தப் பெயரை வைத்தாரோ!) பாதி உருகிய பிறகு அடியிலிருந்து விரலால் அழுத்தி அழுத்தி மேலே ஏற்றுவோம். பின்னால் இருக்கும் விரல் அழுத்தும்போது முன்னால் இருக்கும் விரல் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இறுக்கினால் நடுவில் மாட்டிக்கொண்ட சாறு போக வழியில்லாமல் உறையை உப்ப வைக்கும்.

குடலும் இப்படித்தான் தள்ளுகிறது, விரல்கள் மட்டும் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. குடல் சுவரைச் சுற்றி மென்தசை என்ற தசை இருக்கிறது. கை, கால் தசைகள் நாம் சொன்னால் அசையும். மென்தசை நம்மைக் கேட்காமல் தானாக இயங்கும். உணவுக்குப் பின்னால் இருக்கும் பகுதி சுருங்க, முன்னால் இருக்கும் பகுதி தளர, அலை அலையாக உணவு நகர்கிறது. இந்த அலைக்குப் பெரிஸ்டால்சிஸ் என்று பெயர். சுமார் 6 மீட்டர் சிறுகுடல், அப்புறம் ஒன்றரை மீட்டர் பெருங்குடல் முழுக்க நாள் பூராவும் இது நடக்கிறது.

சில சமயம் ஏதோ ஓர் இடத்தில் தசை சுருங்கி, தளராமல் அப்படியே இறுகி நிற்கும். இதைத்தான் இசிவு என்கிறோம். அதற்குப் பின்னால் இருக்கும் காற்றும் திரவமும் குடல் சுவரை விரிக்கும். குடலுக்கு ஒரு விசித்திரமான குணம்: அதை வெட்டினால்கூட வலி பெரிதாகத் தெரியாது, இழுத்து விரித்தால் துடித்துப்போய்விடுவோம். ‘சுருட்டிப் பிடிக்கிறது’ என்று நாம் சொல்கிற வலி அந்த விரிப்பின் வலி.

வாயு எங்கிருந்து வருகிறது

ஒரு பகுதி நாமே விழுங்குவதுதான். அவசரமாகச் சாப்பிடும்போதும், பேசிக்கொண்டே சாப்பிடும்போதும், சோடா குடிக்கும்போதும் காற்று உள்ளே போகிறது. மீதியைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் தயாரிக்கின்றன. கொண்டைக்கடலை, ராஜ்மா, துவரம்பருப்பு போன்றவற்றில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் இல்லை. அதனால் அவை செரிக்காமலேயே பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிரிகளுக்கு விருந்தாகின்றன. விருந்து முடிந்தால் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன். சுண்டலுக்குக் கடலையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் வழக்கம் இருக்கிறதே, அது இந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கொட்டிவிடும் வழக்கம். பாலும் அப்படியே. பால் சர்க்கரையை உடைக்கும் என்சைம் வயதாக ஆகக் குறைவது நம்மிடையே ரொம்பச் சாதாரணம். நாளுக்கு நான்கு டம்ளர் பால் காபி குடித்துவிட்டு அதற்கு மேல் ஓமத் தண்ணீர் குடிப்பவர்கள் முதலில் எதை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆரோக்கியமான ஒருவர் வயிற்றிலும் குடலிலும் எந்த நேரமும் சுமார் 200 மில்லி வாயு இருக்கும். ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை கீழ்வழியாக வெளியேறும். 1975-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயிறு உப்புசம் என்று புலம்பியவர்களின் குடலில் இருந்த வாயுவை அளந்து, மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வாயு நகர்ந்த விதத்திலும், குடல் அதை உணர்ந்த விதத்திலும்தான் இருந்தது.

அதாவது பெரும்பாலான நேரம் தொல்லை தருவது வாயுவின் அளவு அல்ல, அது மாட்டிக்கொள்வதும், மாட்டிக்கொண்ட இடம் விரிவதும். கஷாயத்துக்கு வேலை இருப்பது இங்கேதான்.

மூலிகை செய்யும் வேலை

ஓமம், சோம்பு, சீரகம், சதகுப்பை, புதினா எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது அவற்றின் வாசனை. அந்த வாசனையைத் தருவது எளிதில் ஆவியாகும் எண்ணெய். நல்லெண்ணெய், கடலெண்ணெய் மாதிரி கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நிற்காது, காற்றில் பறந்துவிடும். ஒவ்வொரு செடியின் எண்ணெயிலும் தலைமைப் பொருள் வேறு வேறு. சோம்பில் அனெத்தோல், ஓமத்தில் தைமால், சதகுப்பையில் கார்வோன், மேலைநாட்டுப் பெப்பர்மின்ட் புதினாவில் மெந்தால்.

இவற்றில் நன்றாக ஆராயப்பட்டது மெந்தால். மென்தசை செல் சுருங்க வேண்டுமானால் வெளியில் இருந்து கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். மெந்தால் அந்த வாசலை ஓரளவு அடைத்துவிடுகிறது. கால்சியம் குறைந்தால் தசை இறுக்கம் விடுகிறது, மாட்டிக்கொண்டிருந்த வாயு நகர்கிறது. சோம்பு, ஓம எண்ணெய்களும் விலங்குகளின் குடல் துண்டுகளை வைத்துச் செய்த சோதனைகளில் இதே திசையில் தசையைத் தளர்த்துகின்றன. பெப்சி ஐஸில் இறுக்கிப் பிடித்த விரல் ஒன்று நெகிழ்ந்து கொடுப்பதைத்தான் இது செய்கிறது.

சித்த மருத்துவ நூல்கள் இந்த வேலைக்குச் சரியான பெயர் வைத்திருக்கின்றன. இறுகிய தசையைத் தளர்த்துவது ‘இசிவகற்றி’. வயிற்றில் தேங்கிய வாயுவை வெளியேற்றுவது ‘அகட்டுவாய்வகற்றி’. கவனித்தால், இரண்டிலும் உணவைச் செரிக்க வைப்பது என்ற பேச்சே இல்லை. மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைப்பது நம் உடம்பின் என்சைம்களும் பித்தநீரும். ஓமம் அந்த வேலையை எடுத்துச் செய்வதில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: குடல் சுவரில் மென்தசை. அது இறுகினால் வாயு மாட்டிக்கொள்கிறது, வலிக்கிறது. வாசனை எண்ணெய் அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது. கொழுப்பு, நச்சு, எடை எதற்கும் இந்தக் கதையில் இடம் இல்லை.

ஒவ்வொன்றாக

புதினாவுக்குத்தான் ஆதாரம் அதிகம், ஆனால் நாம் நினைக்கிற புதினாவுக்கு அல்ல. ஐபிஎஸ் (IBS) என்று மருத்துவர்கள் சொல்கிற, நோய் எதுவும் கண்ணில் படாமலேயே அடிக்கடி வலிக்கும் குடல் தொந்தரவுக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் மாத்திரை பலன் தருவதாகப் பல ஆய்வுகள் உண்டு. அந்த மாத்திரை வயிற்றில் கரையாமல், குடலுக்குப் போய் உடைகிற மாதிரி மேல்பூச்சு பூசியது. நாம் சட்னி அரைக்க வாங்கும் கட்டுப் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதில் மெந்தால் சொற்பம், கார்வோன்தான் பிரதானம். அதனால் ‘புதினா ஐபிஎஸ்ஸைக் குணப்படுத்தும்’ என்று படித்துவிட்டு மார்க்கெட் புதினாவில் டீ போட்டுக் குடித்தால், ஆய்வில் வந்த பலனை எதிர்பார்க்க முடியாது. சாப்பிட்ட பிறகு இதமாக இருக்கும், அவ்வளவுதான். அதுவும் குறைந்த விஷயம் இல்லை.

ஓமம் காரசாரமான ஆள். அதன் எண்ணெயில் ஏறக்குறைய பாதி தைமால், வாய் கொப்பளிக்கும் திரவங்களில் கிருமிநாசினியாகப் போடும் அதே பொருள். ஓமத்தை மென்றால் நாக்கு மரத்துப்போவது அதனால்தான். நாட்டு மருந்துக் கடையில் பாட்டிலில் கிடைக்கும் ஓம வாட்டர், ஓமத்தைக் காய்ச்சி ஆவியை வடித்து எடுத்தது. வீட்டில் வறுத்துக் கொதிக்க வைப்பதைவிட அதில் வாசனை எண்ணெய் நன்றாகவே இறங்கியிருக்கும். தண்ணீர் மாதிரிதானே இருக்கிறது என்று டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டாம்.

சீரகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தினமும் கொதிக்க வைத்துக் குடிக்கும் சீரகத் தண்ணீரில் எண்ணெய் மிகக் குறைவு. அதன் பெரிய நன்மை, தண்ணீர் கொதித்திருக்கிறது என்பதுதான்.

சுக்கு இந்தக் கூட்டத்தில் தனி. அதன் காரத்துக்குக் காரணம் இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சரால். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி இன்னும் உறைப்பான ஷோகாலாக மாறுகிறது. சாப்பிட்டது நெஞ்சுக்குக் கீழே கல்லாக நிற்கிற மந்தத்துக்கும் குமட்டலுக்கும் இது நல்லது. அஜீரணக்காரர்களுக்கு இஞ்சி கொடுத்துச் செய்த சோதனையில் வயிறு காலியாகும் வேகம் கூடியது. அதனால் கீழ் வயிற்றில் சுருட்டிப் பிடிக்கும் வலிக்குச் சோம்போ ஓமமோ, மேல் வயிற்று மந்தத்துக்குச் சுக்கோ இஞ்சியோ என்று பிரித்துக்கொள்ளலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இஞ்சியைச் சமையல் அளவுக்கு மேல் கஷாயமாக எடுக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

மூடி போடாத கஷாயம்

எண்ணெய் பறந்துவிடும் என்றேன் அல்லவா? வீட்டில் சோம்புக் கஷாயம் போடுகிற விதத்தைப் பாருங்கள். முழுச் சோம்பைத் தண்ணீரில் போட்டு, திறந்த பாத்திரத்தில், பாதியாகச் சுண்டும் வரை கொதிக்க விடுவோம். அடுக்களை முழுக்க மணக்கும். கூடத்தில் இருப்பவர்கூட “என்ன வாசனை!” என்பார். மணப்பது வேறொன்றும் இல்லை, மருந்துதான். டம்ளருக்குள் மிச்சம் வருவது நிறமும் கசப்பும்.

சோம்பின் எண்ணெய் விதைக்குள் நுண்ணிய குழாய்களில் அடைபட்டிருக்கிறது. உடைத்தால்தான் வெளியே வரும், உடைத்த நேரத்திலிருந்தே பறக்கவும் தொடங்கும். அதனால் போடுவதற்குச் சற்று முன் அம்மியிலோ இடிகல்லிலோ ஒன்றிரண்டாகத் தட்ட வேண்டும். அரை டீஸ்பூனிலிருந்து ஒரு டீஸ்பூன் வரை, அதாவது சுமார் 2 கிராம் போதும். அடுப்பை அணைத்த பிறகு, கொதித்த தண்ணீர் 250 மில்லியை அதன்மேல் ஊற்றித் தட்டு போட்டு மூடி, 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். திறக்கும்போது தட்டின் அடியில் முத்து முத்தாகத் துளிகள் நிற்கும். மோந்து பார்த்தால் டம்ளரில் இருப்பதைவிட அதில் வாசனை தூக்கலாக இருக்கும். அந்தத் துளிகளையும் உள்ளேயே வழித்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு நாளுக்கு இரண்டு மூன்று முறை குடிக்கலாம். புதினாவுக்கும் இதே முறை, இலையைக் கையால் கசக்கிப் போட்டால் போதும்.

சுக்கு மட்டும் இதற்கு நேர்மாறு. கெட்டியான வேர், அதன் காரப்பொருளும் அவ்வளவு சுலபமாகப் பறக்காது. தட்டிப் போட்டு நன்றாகக் கொதிக்க விடலாம்.

சோம்பை மென்று தின்றாலும் வேலை நடக்கும். ஓட்டல் கல்லாவில் சோம்புத் தட்டு வைத்திருப்பவர்கள் இத்தனை விளக்கம் இல்லாமலே அதைச் சரியாகச் செய்கிறார்கள்.

ஏப்பமும் நெஞ்செரிச்சலும்

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்திலும் ஒரு மென்தசை வளையம் உண்டு. உள்ளே போனது மேலே வராமல் பிடித்து வைப்பது அதன் வேலை. வாசனை எண்ணெய் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை, இந்த வளையத்தையும் தளர்த்தும். கல்யாண வீட்டு மாமாவுக்கு ஏப்பம் வந்தது இப்படித்தான். காற்று மேலே வர வழி கிடைத்தால், அமிலத்துக்கும் அதே வழி கிடைக்கும். எனவே நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருப்பவர்கள் புதினா டீ குடித்தால் எரிச்சல் கூடும். வயிற்றில் எது வந்தாலும் புதினா என்று இருப்பவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சில் வலி வந்தவுடன் ‘கேஸ் ஏறிக்கிடுச்சு’ என்று ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது. மாரடைப்பு வலி பல சமயம் அப்படித்தான் தொடங்கும்: நெஞ்சு நடுவில் அழுத்தம், மேல் வயிற்றில் எரிச்சல், குமட்டல், ஏப்பம்கூட வரலாம். கூடவே வியர்த்துக் கொட்டினாலோ, வலி தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மூச்சு வாங்கினாலோ, கஷாயம் போட அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி மங்கலாகவே தெரியலாம் என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் சீக்கிரம். கறுப்பாக மலம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமப்படுவது இவையும் அஞ்சறைப் பெட்டி விவகாரம் அல்ல.

கைக்குழந்தையின் அழுகை

இப்போது நாற்பது நாள் மருமகனிடம் வருவோம். பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, பகலில் சிரிக்கக்கூடப் பார்க்கிறது. சாயங்காலம் ஆனால் காலை மடக்கி, முஷ்டியை இறுக்கி, சமாதானமே ஆகாமல் அழுகிறது. இதை மருத்துவத்தில் கோலிக் என்பார்கள். 1954-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மாரிஸ் வெசல் இதற்கு ஓர் அளவுகோல் சொன்னார்: நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல். இன்றும் மருத்துவர்கள் பேச்சில் இந்த மூன்று மூன்று அடிபடும்.

நம் வீடுகளில் இதற்கு மாந்தம், உரம் விழுந்தது, குடலேற்றம், கண்ணேறு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாம் தோற்றால் வாயு. காலை மடக்குகிறது, காற்றும் பிரிகிறது, அப்புறம் என்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் எந்தக் குழந்தையும் அலறி அழும்போது காலை மடக்கும், வயிறு இறுகும், காற்றை விழுங்கும். பல குழந்தைகளில் அழுகையால் வாயு வருகிறதே தவிர வாயுவால் அழுகை வருவதில்லை. குடல் வாயுக் குமிழிகளை உடைக்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்து, சோதனைகளில் மருந்துச் சரக்கே இல்லாத போலி மருந்தைவிடக் கோலிக்கை அதிகம் குறைக்கவில்லை. வாயுதான் காரணம் என்றால் அது குறைத்திருக்க வேண்டும்.

சரி, காரணம்தான் என்ன? ஒற்றைக் காரணம் பிடிபடவில்லை. குடல் நுண்ணுயிரிகள், முதிராத நரம்பு மண்டலம், சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரத ஒவ்வாமை என்று சில சந்தேகங்கள் இருக்கின்றன. உறுதியாகத் தெரிந்தது அழுகையின் காலக்கணக்கு. கோலிக் இல்லாத குழந்தைகளும் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து அழுகையைக் கூட்டிக்கொண்டே போகும். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சம் தொடும், பிறகு இறங்கும். மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். கோலிக் குழந்தை இந்தக் கோட்டின் மேல்முனையில் இருக்கிறது.

இந்தக் காலக்கணக்குதான் எல்லா மருந்துக்கும் புகழ் சேர்க்கிறது. அழுகை உச்சத்தில் இருக்கும்போதுதான் வீட்டார் பொறுக்க முடியாமல் புதிதாக ஒன்று கொடுப்பார்கள். அடுத்த வாரத்திலிருந்து அழுகை எப்படியும் இறங்கும். கடைசியாகக் கொடுத்தது எதுவோ, அதுவே கைகண்ட மருந்து.

நினைவில் வைக்க வேண்டியது இரண்டு: கோலிக் என்பது பெரியவர்களின் வாயுத் தொல்லையின் சின்ன வடிவம் அல்ல. அது ஒரு காலக்கட்டம், கடந்து போகும்.

அப்படியானால் கிரைப் வாட்டர்?

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் மருந்தாளுநராக இருந்த வில்லியம் உட்வர்ட் 1851-இல் உருவாக்கியது இது. சதகுப்பை எண்ணெய், சமையல் சோடா, சர்க்கரை, தண்ணீர், அப்புறம் 3.6 சதவீதம் ஆல்கஹால். கைக்குழந்தை ஏன் ‘சமாதானம்’ ஆனது என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஆல்கஹாலை 1992-இல்தான் எடுத்தார்கள். இன்று நம் கடைகளில் விற்பவை ஆல்கஹால் இல்லாதவை. இனிப்பு மட்டும் நிற்கிறது. சர்க்கரைக் கரைசல் நாக்கில் பட்டால் பச்சிளம் குழந்தைகளின் வலியும் அழுகையும் கொஞ்ச நேரம் தணியும் என்பது மருத்துவமனைகளிலேயே பயன்படுத்தப்படும் விஷயம். கிரைப் வாட்டரைக் கொடுத்ததும் அழுகை நிற்பதில் அந்த இனிப்புக்கு நல்ல பங்கு உண்டு.

மூலிகை டீக்கு ஆதரவான ஆய்வே இல்லையா என்றால், இருக்கிறது. 1993-இல் இஸ்ரேலில் 68 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். சோம்பு, கெமோமில், அதிமதுரம் உள்ளிட்ட ஐந்து மூலிகைகளின் டீயை ஒரு வாரம் கொடுத்ததில் 57 சதவீதக் குழந்தைகளுக்குக் கோலிக் நின்றது. போலி டீ குடித்தவர்களில் 26 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனால் கொடுத்த அளவைப் பார்க்க வேண்டும்: முறைக்கு 150 மில்லி வரை, நாளுக்கு 3 முறை வரை, ஆக 450 மில்லி வரை போகலாம். 4 கிலோ குழந்தை ஒரு நாளில் குடிக்கும் பாலே சுமார் 600 மில்லிதான். அந்தக் குட்டி வயிற்றில் டீ போனால் அந்த அளவுக்குப் பால் போகாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்வதற்கு இது ஒரு காரணம், தண்ணீரோடு வரும் கிருமிகள் இன்னொரு காரணம். சோம்பில் எஸ்ட்ரகோல் என்ற பொருளும் சிறிதளவு உண்டு. அதிக அளவில் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கிய பொருள் அது. பெரியவர்கள் எப்போதாவது குடிக்கும் கோப்பையில் அது கவலைப்படும் அளவு இல்லை. குழந்தைக்குத் தினமும் என்றால் கணக்கு மாறும். ஐரோப்பிய மருந்து ஒழுங்காணையம் தன் மூலிகைக் குறிப்பில் 4 வயதுக்குக் கீழ் சோம்பு டீயைப் பரிந்துரைக்காததற்குக் காரணம், பாதுகாப்பைப் பற்றிய தரவு போதாமைதான்.

கொடுக்கவே கூடாதவை

ஓமத் தண்ணீர் இரண்டு சொட்டு நாக்கில் பட்டதால் ஒரு குழந்தைக்குப் பெரிய கேடு வந்துவிடாது. வீட்டில் அதற்காகச் சண்டை போடத் தேவையில்லை. சண்டை போட்டே ஆக வேண்டியவை வேறு.

முதலில் உரைமருந்து. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் கல்லில் உரைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவும் பழக்கம். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். அதன் எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-இலேயே உணவில் வசம்பைத் தடை செய்துவிட்டது. ஜாதிக்காய் மூளையை மந்தமாக்கும். அதைக் கொடுத்த பிறகு குழந்தை அயர்ந்து தூங்குவது வயிறு சரியானதால் அல்ல. கல்லில் எத்தனை சுற்று உரைத்தால் எவ்வளவு இறங்கும் என்பதற்கு அளவே கிடையாது. பாட்டி கையின் அழுத்தத்துக்கும் சித்தி கையின் அழுத்தத்துக்கும் பல மடங்கு வித்தியாசம் இருக்கலாம்.

அடுத்து அன்னாசிப்பூ. பிரியாணியில் போடும் சீன அன்னாசிப்பூவில் கேடு இல்லை. அதைப் போலவே இருக்கும் ஜப்பானிய வகையில் அனிசாட்டின் என்ற நரம்பு நஞ்சு உண்டு. காய்ந்த பிறகு இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். அன்னாசிப்பூ டீ குடித்துச் சுமார் 40 பேர் பாதிக்கப்பட்டதையும், அதில் ஏறக்குறைய 15 பேர் கைக்குழந்தைகள் என்பதையும் சொல்லி 2003-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. வலிப்பு வந்த குழந்தைகளும் அதில் உண்டு. பலருக்கும் அது கோலிக்குக்காகக் கொடுக்கப்பட்ட டீ.

தேன் ஒரு வயது வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் பச்சைக் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். மெந்தால், பெப்பர்மின்ட் தைலம் எதையும் குழந்தையின் மூக்கருகே தடவ வேண்டாம், மூச்சு திணறும். தொக்கம் எடுப்பது, குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குடலேற்றம் தட்டுவது இவையும் இந்தப் பட்டியலில்தான்.

அழும் குழந்தைக்கு என்னதான் செய்வது

பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைப்பது, நிமிர்த்திப் பிடித்து நடப்பது, தூளியில் மெதுவாக ஆட்டுவது, வெறும் மார்போடு அணைத்துக்கொள்வது, வெளிச்சத்தையும் பேச்சையும் குறைப்பது. இவை எதுவும் அழுகையை வேரோடு நிறுத்தாது, கொஞ்சம் குறைக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற நல்ல நுண்ணுயிரிச் சொட்டு மருந்து ஓரளவு உதவுவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வேண்டுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்கலாம்.

எதுவும் பலிக்காத சாயங்காலத்தில் குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு அம்மா கால் மணி நேரம் வேறு அறையில் உட்கார்ந்திருக்கலாம். ஆள் யாரும் இல்லையென்றால் குழந்தையைப் பாதுகாப்பாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு உட்காரலாம், தப்பே இல்லை. ஆத்திரத்தில் பிடித்துக் குலுக்குவது மட்டும் கூடவே கூடாது, மூளையில் ரத்தம் கசியும்.

பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, வயிறு வீங்கி விறைப்பது, துவண்டு கிடப்பது, எடை ஏறாமல் நிற்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது கோலிக் அல்ல. அன்றே, ராத்திரி ஆனாலும், மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக அடிக்கடி வரும் கேள்வி: பால் கொடுக்கும் அம்மா சோம்புத் தண்ணீர் குடிக்கலாமா? நாளுக்கு ஒரு கோப்பை, இரண்டு கோப்பை தாராளமாகக் குடிக்கலாம், அது அம்மாவின் வயிற்று உப்புசத்துக்கு. அம்மா குடித்தால் பால் வழியாகப் பிள்ளையின் அழுகை நிற்கும் என்று நம்பிப் பானைக் கணக்கில் குடிப்பதுதான் ஆபத்து. பால் பெருகுவதற்காகச் சோம்பும் அதிமதுரமும் சேர்ந்த மூலிகை டீயை நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் குடித்த இரண்டு தாய்மார்களின் குழந்தைகள் பால் உறிஞ்சாமல் துவண்டு, வாந்தி எடுத்ததை 1994-இல் இத்தாலிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டீயை நிறுத்தியதும் இரண்டு குழந்தைகளும் தேறிவிட்டன.